நேற்றுக் கவிழ்த்த டம்ளர்

கிரேன் கன்டெய்னரைத் தூக்கியதும் ஷெட்டில் இருந்த டியூப் லைட் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான். மேஜை மேல் இருந்த பெட்டியின் நான்கு பச்சை விளக்குகளில் மூன்று சிவப்பாகிவிட்டன.

"பூட்ச்சி," என்றாள் ரமாபாய்.

பக்கத்தில் நின்ற யார்டு மேனேஜர் சண்முகவேல் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏம்மா, மூணு காலும் உடைஞ்சு போச்சுன்னு சொல்லுதே உங்க பெட்டி. கிரேன் அந்தா நல்லாத்தானே நிக்கி?"

"கரண்ட் ஒரு செகண்டு டிம் ஆவுது சார். அதுல குழம்பிடுது."

"இங்க கிரேன் தூக்கும்போதெல்லாம் டிம் ஆகும்மா. அதுக்கு நான் கிரேனை நிறுத்த முடியுமா?"

"ஒரு பேட்டரி வெச்சா..." என்று ஆரம்பித்தார் முதலாளி காஜா மொய்தீன்.

"பேட்டரி வேண்டாம்னு முதல்லயே சொல்லியாச்சு பாய். இந்த எண்ணூர் உப்புக் காத்துல ரெண்டு மாசத்துல அது பொங்கிரும். வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை பார்ப்போம். அன்னைக்கும் இதே கதைன்னா, மன்னிச்சுக்கோங்க."

அன்று புதன்கிழமை.

அட்டைப் பெட்டிக்குள் மின்பெட்டியை வைத்துச் சணல் கயிறு கட்டி, ஆட்டோவில் மடிமேல் சுமந்துகொண்டு ரமா ராயபுரம் திரும்பினாள். பக்கத்தில் காஜா பாய் பேசாமல் வந்தார். பேசாத காஜா பாயை அவள் பார்த்ததே இல்லை. தண்டையார்பேட்டை தாண்டியதும்தான் அவர் வாயைத் திறந்தார்.

"ரமா, உன்னாண்ட ஒளிச்சு இன்னா ஆவப் போவுது? வெள்ளிக்கிழமை இது பாஸாவலேன்னா மாடி ரூமை மூடிடுவேன்மா. பழையபடி கப்பல் ரேடியோ சாமான் வித்துகினு கெடக்க வேண்டியதுதான். நவ்ரீனைக் கடையில வெச்சுக்குவேன். உன்னிய இன்னா பண்றது? நீ படிச்ச படிப்புக்குக் கல்லாவுல உக்கார வெக்க முடியுமா?"

"பாத்துக்கலாம் பாய்."

"பெங்களூர்காரன் மறுபடியும் போன் பண்ணான். சனிக்கிழமைக்குள்ள பதில் வோணுமாம். நல்ல கம்பெனி. நானே சொல்றேன், வுட்டுடாத."

ரமா மடியில் இருந்த பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காஜா பாயின் கம்பெனி, கல்மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் குடோனுக்கு மேலே இருந்தது. கீழே கடை, மேலே ஒரே ஒரு அறை. அந்த அறையில்தான் மூன்று வருஷமாக இந்தப் பெட்டி உருவாகிக்கொண்டிருந்தது. நிரல் எழுதுவது ரமா. பலகையில் சிப்களைப் பற்றவைத்துச் சோதித்துப் பார்ப்பது நவ்ரீன்.

பெட்டியின் வேலை எளிது. கிரேனுக்கு நான்கு கால். ஒவ்வொரு கால் சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு மைக். பேரிங் தேயத் தொடங்கினால் சத்தம் மாறும். மனிதக் காதுக்கு அது கேட்பதற்கு முன்பே பெட்டி சொல்லிவிடும். அதற்காக உள்ளே நான்கு சிப்கள், காலுக்கு ஒன்று. டி.எஸ்.பி. என்று அந்தச் சிப்புக்குப் பெயர். சத்தத்தை எண்களாக்கிக் கொடுத்தால் மின்னல் வேகத்தில் கணக்குப் போடும். அதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது.

சிக்கலெல்லாம் அவை கண் விழிப்பதில் இருந்தது. மின்சாரம் வந்ததும் நான்கும் வெறுந்தலையோடு எழும். என்ன செய்ய வேண்டும் என்ற நிரல் முதல் சிப்பிடம் மட்டும்தான் இருக்கும். நான்குக்கும் தனித்தனியாக வைத்தால் செலவு என்று காஜா பாய் சொன்னதால், நடுவில் ஒரே ஒரு பொது நினைவகம். முதல் சிப் எழுந்து, மற்ற மூன்றின் நிரலையும் அந்தப் பொது இடத்தில் கொண்டுவந்து வைக்கும். வைத்து முடித்ததும் ஒவ்வொன்றின் பங்குக்குப் பக்கத்திலும் ஒரு கொடி ஏற்றும்: 'ரெடி'. கொடிக்காகக் காத்திருக்க மட்டுமே தெரிந்த மற்ற மூன்றும் அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். அதற்குப் பிறகு பொது இடம் காலி. மைக்குகளிலிருந்து வரும் சத்தத்தைக் கொட்டி வைக்க அதையே பயன்படுத்திக்கொள்வார்கள்.

நவ்ரீன் அந்தப் பொது நினைவகத்துக்கு 'சஹன்' என்று பெயர் வைத்திருந்தாள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் நாலு பேருக்கு ஒரே பெரிய தட்டில் சோறு வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அந்தத் தட்டு.

"இன்னாடி, சஹன் கவுந்துச்சா?" என்றாள், ரமா படியேறியதுமே.

"கவுந்துச்சு."

"இங்க வெச்சா ஒயுங்கா துன்னுதுங்க. அங்க போனா மட்டும் ஏன் இப்டி அடிச்சுக்குதுங்க?"

அதுதான் கேள்வி. அறையில் பெட்டி ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. அன்று மாலையும் செய்யவில்லை. சுவிட்சை அணைத்தார்கள், டீ குடித்தார்கள், போட்டார்கள், நான்கும் பச்சை. அணைத்தார்கள், நவ்ரீன் தன் மாமியாரைப் பற்றி ஒரு கதை முழுக்கச் சொன்னாள், போட்டார்கள், நான்கும் பச்சை.

"நாம இருந்தா நல்ல புள்ளைங்க மாதிரி நடிக்குதுங்க," என்றாள் நவ்ரீன். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பெங்களூருக்கு இன்னா சொல்லப் போற?"

"தெரியல."

"அசோக்கு அண்ணன் இன்னா சொல்றாரு?"

"போன்னு சொல்லிட்டாரே. துணி வெச்சு எத்துகினு போவ பொட்டி கூட வாங்கியாந்து வெச்சுட்டாரு."

ரமாவின் வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு. சுவரில் புத்தர், பக்கத்தில் அம்பேத்கர், அவருக்குக் கீழே இவர்கள் கல்யாண போட்டோ. போட்டோவில் அவள் கணவன் அசோகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அசோகன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் ஸ்டேக்கர் வண்டி ஓட்டுகிறவன். இரண்டு மாதமாக அவனுக்கு இரவு டூட்டி. அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் அவன் வீடு வருவான். அவள் திரும்புவதற்குள் அவன் கிளம்பியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற நாள். அதிலும் பாதி நேரம் அவன் தூங்குவான். மீதியில் அவன் அம்மா வருவாள்.

செல்போன் முதலாளிகளின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது. அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அடுப்பு மேடையில், சோற்றுக் குண்டான் மூடியின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். கவிழ்ந்திருந்தால், 'நான் சாப்பிட்டாச்சு, மிச்சம் எல்லாம் உனக்கு.' நிமிர்ந்திருந்தால், 'நான் இன்னும் சாப்பிடல, எனக்கும் எடுத்து வை.' ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் அசோகன். எழுதி வைத்தால் அவள் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பாளாம்.

அன்று சாயங்காலம் ரமா கதவைத் திறந்தபோது டம்ளர் கவிழ்ந்திருந்தது. குண்டானுக்குப் பக்கத்தில் சங்கரா மீன் குழம்பு. மீன் சமைப்பதில் அசோகனை மிஞ்ச ஆளில்லை. அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பு மிச்சமிருந்தது. எதிர் வீட்டுச் செல்லக்கனி அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

"புருஷன் சமைச்சுப் போட்டு நீ துன்னுகினு கீறே. குடுத்து வெச்சவமே நீ," என்று செல்லக்கனி குழம்பையும் சோற்றையும் வழித்துக்கொண்டு போனாள். ரமா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பிறகு எப்போதும் போலக் கண் அந்தப் பெட்டியின் மேல் போய் நின்றது.

பீரோவுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில், சக்கரம் வைத்த சூட்கேஸ். பெங்களூர் வேலை பற்றி அவள் முதல்முதலாகச் சொன்ன அன்று அசோகன் துள்ளிக் குதித்தான். "போமே! இதுல ரோசிக்க இன்னா கீது? நம்ம பில்டிங்லயே யாரு போயிருக்காங்க அப்டி?" மறுநாளே பர்மா பஜாருக்குப் போய் அந்தச் சூட்கேஸை வாங்கிவந்துவிட்டான். அதற்கடுத்த வாரம் இரவு டூட்டி ஆரம்பித்தது. அதோடு பேச்சு நின்றது. பெட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

தினமும் அவள் அதைப் பார்த்தாள். தினமும் அது 'போ' என்றது. ஒரு வார்த்தை, 'போகாதே' என்றோ, 'யோசிச்சுப் பார்' என்றோ சொல்ல மாட்டானா என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. தானாகக் கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக வாங்கிவந்தவனிடம் என்னவென்று கேட்பது?

மறுநாள் காலை அவளுக்குத் தலைவலி. கொஞ்சம் தாமதமாகப் போகலாம் என்று படுத்திருந்தபோது கதவு திறந்தது. அசோகன் உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. உடனே கண்ணும் சுருங்கியது.

"இன்னாமே, ஒடம்பு சரியில்லியா?"

"தலவலி. நீ கை கால் கழுவு."

"அதெல்லாம் அப்பால. பசி உயிர் போவுது. நேத்து கேன்டீன்லயும் ஒண்ணியும் கெடைக்கல." நேராக அடுப்பு மேடைக்குப் போனான். குண்டானைத் திறந்தான். குழம்புச் சட்டியைத் திறந்தான். இரண்டிலும் மாறி மாறி எட்டிப் பார்த்தான்.

"எங்க மீனு?"

"நான் துன்னேன். மிச்சத்தச் செல்லக்கனி அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"எம்மா மீனு! நான் ஒரு வாய் கூட வெக்கலியே!"

ரமா எழுந்து உட்கார்ந்தாள். "நீதான் டம்ளரக் கவுத்து வெச்சிருந்தியே?"

"நான் எங்க கவுத்தேன்? கொழம்பு கொதிக்கறப்ப தண்ணி லாரி வந்துச்சு. குடத்த எத்துகினு ஓடுனேன். தண்ணி புடிச்சு மேல ஏத்துறதுக்குள்ள யார்டு வேன் வந்து ஹாரன் அடிக்கறான். அப்டியே ஓடிட்டேன். துன்னவே இல்ல."

"அப்ப டம்ளரு?"

"அது முந்தா நாள் கவுத்ததுமே! நிமித்தி வெக்க மறந்துட்டேன். நீ பழசப் பாத்துட்டு புது மீனத் துன்னுட்ட!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரமா சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்ன?"

"பழசுன்னேன்."

"பழசு. குழம்பு புதுசு, டம்ளர் பழசு."

"ஆமா. அதுக்கு ஏன் இப்டி முழிக்கற? போனா போவுது வுடு, நான் போய் இட்லி வாங்கி..."

ரமா எழுந்து தலையை வாரி முடிந்துகொண்டிருந்தாள். இரண்டு எட்டில் வாசலுக்குப் போய்விட்டாள். செருப்பு அகப்படவில்லை. கிடைத்ததைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

"யோவ், அந்த மூணு சிப்பும் பழைய கொடியப் பாத்துதான் ஏமாறுதுங்கயா!"

"எந்தக் கொடி? தலவலின்னியே?"

பதில் படிக்கட்டிலிருந்துகூட வரவில்லை. தன் பெரிய ரப்பர் செருப்புகள் இரண்டும் பட் பட்டென்று மூன்று மாடி இறங்கி ஓடுவது மட்டும் அசோகனுக்குக் கேட்டது.

"சுவிட்ச வுட்டு வுட்டு போடுடி," என்றாள் ரமா மூச்சிரைக்க.

"டீ?" என்றாள் நவ்ரீன்.

"டீ கெடையாது. கதையும் கெடையாது. அணைச்ச கையோட போடு. டக்குனு."

நவ்ரீன் டக்கென்று அணைத்து டக்கென்று போட்டாள். நான்கும் பச்சை. மறுபடி செய்தாள். மூன்று சிவப்பு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் பெட்டி தப்பு செய்திருந்தது. நவ்ரீன் கையைத் தட்டினாள். கெட்டுப்போனதற்குக் கை தட்டிய ஆட்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

சத்தம் கேட்டுக் காஜா பாய் மேலே ஏறி வந்தார். ரமா அவரை உட்கார வைத்துச் சொன்னாள்.

"நாம அணைச்சுட்டு டீ குடிக்கப் போறோம் பாய். அதுக்குள்ள சஹன்ல இருக்கறது எல்லாம் அழிஞ்சுடுது. கொடியும் அழிஞ்சுடுது. அதனால மறுபடி போடும்போது மூணும் ஒழுங்கா காத்திருக்குதுங்க. யார்டுல அப்படி இல்ல. கரண்டு கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடுது. சிப்பு நாலும் முதல்லேர்ந்து எழுந்திருக்கும். ஆனா சஹன்ல பழைய கொடி அழியாம அப்படியே நிக்கும். மூணும் அதப் பாத்து, 'ஓ, சோறு போட்டாச்சு'ன்னு கைய வெக்குதுங்க. பெரியவன், அதான் மொதல் சிப்பு, இன்னும் வெக்கவே இல்ல."

"அப்ப இன்னாத்தத் துன்னுதுங்க?"

"அங்க கொட்டி வெச்சிருக்கிற கிரேன் சத்தத்த. அதையே நிரல்னு நெனச்சுப் படிச்சுட்டுப் பேயாட்டம் ஆடுதுங்க."

காஜா பாய் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "பாவம்மா," என்றார்.

"பெரியவன் எழுந்ததும் கொடிய அழிச்சுட்டாப் போச்சே?" என்றாள் நவ்ரீன்.

"அவன் அழிக்கறதுக்குள்ள ஒருத்தன் பாத்துட்டா? நாலும் ஒரே நேரத்துல எழுந்திருக்குதுங்க. எவன் மொதல்ல கண்ணு தெறப்பான்னு சொல்ல முடியாது."

அன்று முழுவதும் ரமா நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் எழுதியது சில வரிகள்தான். கண் விழித்ததும் ஒவ்வொரு சிப்பும் தனக்குரிய பழைய கொடியை முதலில் தானே இறக்க வேண்டும்; இறக்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்க்கலாம். பார்த்துக்கொண்டே, 'நான் எழுந்துட்டேன், எழுந்துட்டேன்' என்று பெரியவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவனும் முன்பு கேட்ட எதையும் நம்பக் கூடாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புதிதாக மூன்று குரல் கேட்ட பிறகே பரிமாற வேண்டும், கொடியேற்ற வேண்டும்.

நவ்ரீன் சுவிட்சை வைத்துக்கொண்டு விளையாடினாள். வேகமாகப் போட்டாள், மெதுவாகப் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். கட்டைவிரல் சிவந்துபோனது. விளக்குகள் சிவக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது டம்ளர் நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்த டம்ளருக்குள் ஒரு மல்லிப் பூச் சரம். ஏற்பாட்டில் அதற்கு அர்த்தம் கிடையாது. ரமா பூவை வைத்துக்கொண்டு, சூட்கேஸைப் பார்க்காமல் படுத்துத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாலையிலேயே எழுந்து இட்லி ஊற்றினாள். தான் சாப்பிட்டுவிட்டு, அவனுக்கு வைத்து மூடி, டம்ளரைக் கவிழ்த்தாள். கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தது. புதன்கிழமை எண்ணூர் ரோட்டுப் பள்ளங்களில் அந்த அட்டைப் பெட்டி கிழிந்து, மின்பெட்டி ஒரு முறை கீழே விழப் பார்த்தது. இன்றைக்கு அது நடக்கக் கூடாது. சுற்றிலும் பார்த்தாள். நீல சூட்கேஸ் நின்றது. கடைக்குப் போய் மின்பெட்டியை அதற்குள் வைத்துக்கொள்ளலாம் என்று, ஒரு போர்வையை மடித்துப் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே ஆட்டோ காத்திருந்தது.

செல்லக்கனி மாடியிலிருந்து அதைப் பார்த்தாள்.

அசோகன் வந்தபோது வீடு பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பீரோவுக்குப் பக்கத்தில் சுவர் வெறுமையாக இருந்தது. இரண்டு மாதமாகப் பெட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. டம்ளர் கவிழ்ந்திருந்தது.

நான் சாப்பிட்டாச்சு. மிச்சம் எல்லாம் உனக்கு.

அவன் துணி போடும் கொடியில் பார்த்தான். அவள் போர்வை இல்லை. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அக்கா, ரமா எங்க?"

"காலைலயே பொட்டிய எத்துகினு ஆட்டோல ஏறுச்சேப்பா. உன்னாண்ட சொல்லல?"

சென்ட்ரலுக்கு ஓடுவதா, ராயபுரத்துக்கு ஓடுவதா என்று அசோகனுக்குத் தெரியவில்லை. கால்கள் ராயபுரம் பஸ்ஸில் ஏறின. ஐஸ் குடோன் படியில் தடுக்கி விழுந்து மேலே போனான். நவ்ரீன் மட்டும் இருந்தாள்.

"ரமா பெங்களூர் பூட்ச்சா?"

"பெங்களூரா? எண்ணூர் யார்டுக்குப் போச்சுண்ணே. டெஸ்ட்டுக்கு." அவன் முகத்தைப் பார்த்ததும் நவ்ரீனுக்குச் சிரிப்பு நின்றது. "தண்ணி குடிச்சுட்டுப் போண்ணே."

அவன் குடிக்க நிற்கவில்லை.

ஷெட்டில் நான்கு விளக்குகளும் பச்சையாக இருந்தன. சண்முகவேல் கையைக் காட்டினார். கிரேன் உறுமியது. கன்டெய்னர் தரையை விட்டு எழுந்தது. டியூப் லைட் கண்ணை மூடித் திறந்தது.

பெட்டியின் விளக்குகள் நான்கும் அணைந்தன. ஒன்று எரிந்தது. அடுத்த நொடி மற்ற மூன்றும் சேர்ந்து எரிந்தன. பச்சை.

"இன்னொரு தடவை," என்றார் சண்முகவேல்.

இன்னொரு தடவையும் பச்சை. கிரேனைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், பாரம் கூட்டித் தூக்கச் சொன்னார். காஜா பாய் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார். ரமா "பாஸ் பாய்" என்று சொன்ன பிறகே திறந்தார்.

அப்போதுதான் வாசலில் செக்யூரிட்டியோடு யாரோ சண்டை போடும் சத்தம் கேட்டது. "என் பொண்டாட்டி உள்ள கீதுய்யா!" ரமா திரும்பிப் பார்த்தாள். இரவு டூட்டி அழுக்குச் சட்டையோடு, வியர்த்து விறுவிறுத்து, அசோகன் ஷெட்டுக்குள் ஓடி வந்தான்.

வந்தவன் அவளைப் பார்த்தான். பிறகு மேஜைக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நீல சூட்கேஸைப் பார்த்தான். உள்ளே போர்வையும் கொஞ்சம் ஒயரும் கிடந்தன. துணிமணி எதுவும் இல்லை. அப்படியே அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாயா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ பூட்டேன்னு நெனச்சேன்."

"சொல்லாம கொள்ளாமயா?"

"பொட்டியக் காணோமே."

ரமா அவன் எதிரில் உட்கார்ந்தாள். சண்முகவேல் நாசூக்காகக் கிரேன் பக்கம் திரும்பிக்கொண்டார். காஜா பாய்க்கு அந்த நாசூக்கு தெரியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீதான அத்த வாங்கியாந்த? போன்னு சொன்ன?" என்றாள் ரமா.

"சொன்னேன். அன்னைக்கு சொன்னேன். ஒரே குஷியா இருந்துச்சு, சொல்ட்டேன். அப்பால நைட்டு வண்டில ஒக்காந்துகினு ரோசிச்சா பேஜாராப் பூட்ச்சி. தெனம் வூட்டுக்கு வரேன், நீ இல்ல. இதுக்கே இப்டி கீதே, நீ பூட்டா இன்னா பண்ணுவேன்னு."

"அப்ப அந்தப் பொட்டிய எடுத்துப் பரண்ல போட வேண்டியதுதான?"

"நீ அத்தப் பாத்துகினே கீறேன்னு செல்லக்கனி அக்கா சொல்லுச்சு. உனக்குப் போவ ஆசை போலன்னு வுட்டுட்டேன்."

"நான் ரெண்டு மாசமா அந்தப் பொட்டி 'போ, போ'ன்னு சொல்றதையே கேட்டுகினு கீறேன்யா!"

"அது பழசுமே," என்றான் அசோகன்.

ரமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"சரி. இப்ப சொல்லு. புதுசா."

"உனக்குப் போவணும்னா போ. நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் போவச் சொல்லல. நீ இங்க இருந்தா நல்லா இருக்கும். அவ்ளோதான். இல்லாங்காட்டி நானும் கூட வரேன். அங்க கன்டெய்னர் யார்டு இருக்கும்ல?"

"பெங்களூர்ல கடலே இல்லியேயா."

"கடல் இல்லாத ஊர்ல மீனு எப்டி இருக்கும்? கலீஜா இருக்கும்." முகத்தைச் சுளித்தான். "நீயே சொல்லு. நீ இன்னா சொல்ற?"

"நான் போவல."

"உன் டெஸ்டு பாஸாச்சுன்னு சொல்றியா?"

"பாஸாவலன்னாலும் இதத்தான் சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல."

"பாஸாச்சுப்பா, பாஸாச்சு!" என்று குறுக்கே புகுந்தார் காஜா பாய். "சார், பாஸ்தானே சார்?"

சண்முகவேல் கிரேனைப் பார்த்தபடியே சொன்னார். "பாஸ்தான் பாய். பெட்டி இங்கயே இருக்கட்டும், அந்தச் சூட்கேஸை மட்டும் அவங்க எடுத்துட்டுப் போகட்டும்."

திரும்பும் வழியில் ரமா ராயபுரம் மார்க்கெட் முனையில் ஒரு பூத்தில் இறங்கி, பெங்களூருக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மன்னிக்கவும், நன்றி, வேறு யாருக்காவது கொடுங்கள். அசோகன் வெளியே காலி சூட்கேஸின் மேல் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அதற்குள் எங்கேயோ போய் ஒரு பையில் சங்கரா மீன் வாங்கி வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சூட்கேஸ் பரணுக்குப் போனது. அசோகன் தூங்க மறுத்துவிட்டு மீன் கழுவினான். ரமா உலை வைத்தாள். இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு அந்த மூலையில் நின்றார்கள். பட்டப்பகலில் இரண்டு பேரும் வீட்டில் இருப்பதைப் பார்த்த செல்லக்கனி, "இன்னா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போகும்போது மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தாள்.

"இன்னைக்கு ஒரு துண்டு கூட கெடையாதுக்கா," என்று கத்தினான் அசோகன்.

ஒரே தட்டில் சோறு போட்டு, நடுவில் குழம்பை ஊற்றி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே அசோகனுக்குக் காரம் ஏறி விக்கியது. ரமா எழுந்து அடுப்பு மேடைக்குப் போனாள். காலையில் அவள் கவிழ்த்த டம்ளர் அப்படியே இருந்தது. அதை எடுத்து நிமிர்த்தி, பானையில் மொண்டு, அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.